புதுப்பிப்பு: சோபா உறையில் டீக்கறை

டீக்கறை பட்ட உறையை மெஷினில் போடலாமா என்று கேட்டிருந்தேன். போட்டாச்சு, கறையும் போயிடுச்சு. ஜிப்பின் உள்பக்க லேபிளில் தொட்டி படமும் அதற்குள் 30 என்றும் இருந்தது. அதாவது 30 டிகிரி வரை துவைக்கலாம். ஜிப்பை மூடி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டேன்.

முக்கியமான விஷயம் மாட்டுவதில்தான். நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே மாட்டினால் துணி இழுத்துக் கொடுக்கும். மொறமொறவென்று காய்ந்தபின் மூலைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மாட்டியபின் ஈரம் முழுசாகப் போகும்வரை யாரையும் உட்கார விடாதீர்கள் (வீட்டில் இதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்).

கழற்ற முடியாத முதுகுப் பகுதியில் 'எஸ்' குறி இருக்கிறது. அங்கே தண்ணீரே ஆகாது, கரைப்பான் வகை க்ளீனர்தான். இப்போதைக்கு வேக்குவம் மட்டும் போடுகிறேன்.