கீஹோல் கணக்கு: கட்டையைச் சுழற்றுவதா, வெளிக்கோட்டைப் பார்ப்பதா?

முப்பரிமாணம்:
அமெரிக்கப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டிஏடியில் கீஹோல் கணக்கு 15 வரும். ஒரு கட்டையின் படம், பக்கத்தில் ஐந்து துளைகள். எந்தத் துளையில் கட்டை கச்சிதமாக நுழையும்? விடுவதற்கு முன் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம், நுழைந்த பிறகு திருப்பக் கூடாது. மனக்கண்ணில் சுழற்றிப் பழகுவதுதான் ஒரே வழி. குறுக்குவழிகளை நம்பாதீர்கள்.

நிழல்வெட்டி:
அப்புறம் நேரத்துக்கு எங்கே போவது? கீஹோல் வரும் தேர்வுப் பகுதி முழுவதும் 90 கேள்வி, 60 நிமிடம். ஒன்றுக்கு 40 நொடிதான். திருப்பும் கோணம் கூடக் கூட யோசிக்கும் நேரமும் சீராகக் கூடும் என்று உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971லேயே காட்டிவிட்டார்கள். முன், மேல், பக்கம் என்று மூன்று வெளிக்கோடு போதும். சதுரப் பலகையின் நடுவில் ஒரு சிறிய உருளை நிற்கிறது என்று வையுங்கள். மேலிருந்து பார்த்தால் உருளை பலகைக்குள் அடங்கிவிடும், வெறும் சதுரம். பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டைச் செவ்வகத்தின் மேல் குட்டிச் செவ்வகம். வளைவு உள்ள துளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடலாம்.

முப்பரிமாணம்:
உருளை சரி. ஒரு பக்கம் சரிவாகச் சீவி, நடுவில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டிய கட்டைக்கு என்ன செய்வீர்கள்? ‘ட’ வடிவத் துளை இடவலம் மாறியிருந்தால்? கண்ணாடிப் பிம்பம் என்று தள்ள வேண்டாமா? அதெல்லாம் சுழற்றிப் பார்ப்பவருக்குத்தான் பிடிபடும்.

ஓரப்பார்வை:
தள்ளவே கூடாது! முன்னாலிருந்து பார்த்தால் ‘ட’வின் கால் வலப்பக்கம் நீளும், பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கம். எந்த முகத்தை முதலில் விட்டாலும் கட்டை நுழையும். இடவலத்துக்காகக் கழித்தால் சரியான விடையே கையை விட்டுப் போகலாம். கழிக்க வேண்டியது அளவு பிசகிய துளையை. வடிவம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் கொஞ்சம் சிறிதாக வரைந்திருப்பார்கள். கட்டைக்கும் துளைக்கும் ஒரே அளவுகோல் என்பது விதி.

நிழல்வெட்டி:
அதேதான். சரிவுக்கும் பெரிய வித்தை வேண்டாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து ஒரு கோடு, அவ்வளவுதான். காடி வெளிக்கோட்டைத் தொடாத திசையில் அதை மறந்துவிடலாம்.

முப்பரிமாணம்:
‘திசை’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை மனதில் மாற்றுவதற்குப் பெயர்தான் சுழற்றல். ஓரப்பார்வை மட்டும் என்ன செய்தார்? ‘ட’வைப் பின்பக்கமாகத் திருப்பித்தானே விளக்கினார்!

ஓரப்பார்வை:
கட்டையை நான் தொடவே இல்லை சார். நான்தான் நடந்து பின்பக்கம் போனேன்.