அம்மா போயிலையை விட மாட்டேங்கா, என்ன செய்ய?

திங்கள்சந்தை மகள்:
அம்மாவுக்கு 72 வயசு. நாற்பது வருஷமா வெத்தில போடுகா, போயில இல்லாம ஒரு வாய் கிடையாது. பல்லு போன பிறகு சின்ன உரல்ல இடிச்சுப் போடுகா. போன மாசம் பல் டாக்டர் பார்த்துட்டு, இடது கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு படை இருக்கு, போயிலையை உடனே நிறுத்தணும், சதை எடுத்துச் சோதிக்கணும்னு சொன்னார். அம்மா ரெண்டுக்கும் சம்மதிக்கல்ல. "எழுவது தாண்டியாச்சு மக்களே, இனி விட்டு என்ன கிட்டப்போவுது?"

வெத்தில செல்லத்தை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். அடுத்த வீட்டுல வாங்கிப் போட்டா. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல்ல. இப்போ நெத்திலி அவியல் எரியுதுன்னு மீனைத் தண்ணியில கழுவித் திங்கா. எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல. வயசானவங்களை எப்படி மாத்த?

தக்கலை நர்ஸ்:
தங்கச்சி, முதல்ல சோதனை. அம்மா போயிலையை விட்ட பிறகு போகலாம்னு அதைத் தள்ளிப் போடாதே. விடாட்டாலும் வாயைக் காட்டலாம்னு அம்மாகிட்ட தெளிவாச் சொல்லு.

1983-ல புரோச்சாஸ்கா, டிக்ளெமென்டேன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க, சிகரெட்டைத் தானா விட்டவங்க, விடப் பார்க்கிறவங்க, விட நினைக்காதவங்கன்னு எல்லாரையும் ஆராய்ஞ்சாங்க. மனசு படிப்படியாத்தான் மாறுதுன்னு கண்டாங்க: நினைக்கவே இல்லாத நிலை, யோசிக்கிற நிலை, ஒரு மாசத்துக்குள்ள விடணும்னு தயாராகிற நிலை (இதைப் பின்னாலதான் சேர்த்தாங்க), அதுக்கப்புறம்தான் விடுறது. உங்க அம்மா முதல் படியில நிக்காங்க. "விட்டுடு"ங்கிறது மூணாவது படிக்காரங்களுக்குச் சொல்ற பேச்சு. அவங்களுக்கே எது கஷ்டமா இருக்குன்னு கேளு. நீயே எழுதிட்டியே, அந்த எரிச்சல்!

இன்னொண்ணு. போயிலையை மட்டும் விட்டாப் போதாது. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே சொல்லியாச்சு.

குலசேகரம் பால்வெட்டு:
மக்களே, எனக்கு 69. விடியக்காலம் தலையில விளக்கைக் கட்டிட்டு ரப்பர் வெட்டப் போறவன், உறக்கம் வராம இருக்கப் போயில போட்டுப் பழகினேன். 67 வயசுல விட்டேன். முதல் மூணு நாள் தலைவலி, எல்லாருகிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். காப்பி குடிச்ச உடனேதான் கை மடிக்குப் போவும். அந்த நேரத்துக்குன்னு அதே பொட்டணத்துல கிராம்பும் உலர்ந்த நெல்லிக்காயும் வச்சேன்.

நாலாம் மாசம் கோயில் கொடையில, சாப்பிட்டு எந்திரிச்ச இடத்துல தாம்பாளம் நிறைய வெத்தில. போட்டுட்டேன். ஒரு வாரம் ஓடிச்சு. என் வீட்டுக்காரி பார்த்தா, ஒரு வார்த்த சொல்லல்ல. சொல்லியிருந்தா வீம்புக்கே போட்டிருப்பேன். மறுபடி நிறுத்தினேன், இப்போ ஒண்ணரை வருஷம் ஆச்சு. அம்மா வழுக்கினா நீயும் பேசாம இரு.

திங்கள்சந்தை மகள்:
அக்கா, மாமா, ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ராத்திரி செல்லத்தை அம்மா கையிலயே திருப்பிக் கொடுத்தேன். "எரியாம மீன் திங்கணும்னு தோணுதா அம்மா?"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தா. பிறகு, "அந்த டாக்டருட்ட எரிச்சலுக்கு மருந்து உண்டா?"ன்னு கேட்டா. செவ்வாய்க்கிழமை வாறேன்னு சொல்லிருக்கா. வெத்தில இன்னும் போடுகா.