தோப்புக்கானா வீட்டு யூனிகார்ன்: எடுக்கலாமா, விடலாமா?

ஆற்காட்டிலிருந்து

எனக்கு வீடு ஆற்காடு, வேலை வேலூரில். ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ஷிப்ட் முறை. காலை ஷிப்ட் 6 மணிக்கு. பஸ்ஸில் போய்ப் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை காத்திருந்து போய்ச் சேர்வதற்குள் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகிவிடுகிறது. அதனால் ஒரு பழைய வண்டி எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு பக்கம் 25 கிலோமீட்டர். மேல்விஷாரம், ரத்தினகிரி, பெருமுகை, சத்துவாச்சாரி என்று பெரும்பாலும் பெங்களூர் நெடுஞ்சாலையில்தான் ஓட்ட வேண்டும்.

போன ஞாயிறு எங்கள் ஊர்த் தோப்புக்கானாவில் ஒரு வீட்டில் வண்டி பார்த்தேன். ஹோண்டா யூனிகார்ன் 150, 2018 மாடல், டி.என். 73 பதிவு, சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 52,000 சொல்கிறார்கள். போர்டிகோவில் பழைய வேட்டி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். கிக்கரில் மூன்றாவது உதைக்கு ஸ்டார்ட் ஆனது. சோக்கை விட்டதும் சத்தம் சீராக வந்தது. வண்டிக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலேயே பெட்ரோல் போட்ட தேதி, ஆயில் மாற்றிய கிலோமீட்டர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்தே லிட்டருக்கு 48 முதல் 52 வரை கொடுத்திருக்கிறது என்று கணக்குப் போட முடிந்தது. மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்களோ என்ற சந்தேகமும் அதிலேயே தீர்ந்தது.

சிக்கல் என்னவென்றால், அவர் ஐந்து மாதம் முன்னால் தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. மகன் ஓசூரில் வேலை செய்கிறார், அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறாராம். வண்டியைக் காட்டிய புரோக்கர், "பேரு மாத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், இன்னிக்கே எடுத்துக்கினு போங்க" என்றார். அப்பா உயிரோடு இருந்தபோதே பேர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி வைத்த மாதிரி 'ரெடி பண்ணித் தரவும்' ஆள் இருக்கிறதாம், 3,000 ரூபாய் ஆகுமாம். மகன் அதற்கு ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு பக்கம், வேலூரில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடை) 2019 ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் இருக்கிறது. 49,000. பேப்பர் எல்லாம் கையில். மாதம் 1,300 கிலோமீட்டர் ஓட்டினால் யூனிகார்னுக்கு 26 லிட்டர், ஸ்ப்ளெண்டர் 65 கொடுத்தால் 20 லிட்டர். வித்தியாசம் மாதம் 600 ரூபாய் சொச்சம். அது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் பேப்பர் பெரிய விஷயம். உங்களில் யாராவது இப்படி இறந்தவர் பேரில் இருக்கிற வண்டியை எடுத்திருக்கிறீர்களா? காத்திருக்கலாமா?

சத்துவாச்சாரியிலிருந்து

சார், முதலில் அந்த 3,000 ரூபாய் வேலையைத் தொடாதீர்கள். இறந்த தேதிக்குப் பிறகு அவர் கையெழுத்தை யார் போட்டாலும் அது மோசடிதான். நாளைக்குக் கேள்வி வந்தால் புரோக்கர் இருக்கமாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

பேர் மாற்றாமல் ஓட்டுவது பற்றி என் கதையைச் சொல்கிறேன். நான் விற்றவன் பக்கம். 2016-ல் என் பல்சரை ஒரு கடையில் கொடுத்தேன். 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கியவர் பேர் அந்த ஃபாரத்தில் காலியாகவே இருந்தது. அது இரண்டு கை மாறியிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆஜராகச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்தது. ஒரு பெரியவர் மேல் இடித்துக் கால் போயிருக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம். ஆர்.சி.யில் நான்தான் ஓனர்.

"வித்துட்டேன் ஐயா, டெலிவரி நோட்டு இருக்கு" என்று வக்கீலிடம் காட்டினேன். அவர் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்து வைத்தார். பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், கை மாறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அதன் சாரம். மூன்று வருடம் அலைந்து, கடைசியில் 1,40,000 கட்டினேன். அந்தப் பெரியவரை நினைத்தால் கட்டியதில் வருத்தம் இல்லை. ஆனால் நான் ஓட்டாத வண்டி அது.

விற்பவர் 14 நாளில், வாங்குபவர் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நான் அன்றைக்கே கூடவே போய்த் தெரிவித்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

காட்பாடியிலிருந்து

பேப்பர் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் மெக்கானிக், 19 வருடமாகச் சித்தூர் ரோட்டில் கடை. வண்டியைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி.

யூனிகார்ன் 150 எஞ்சின் நம்பிக்கையானது. 2004-ல் வந்தது, நடுவில் 160 வந்தபோது நிறுத்திவிட்டு, ஆள் கேட்கிறார்கள் என்று மறுபடி கொண்டுவந்தார்கள். 2020-ல் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகுதான் இன்ஜெக்ஷன் வைத்த 160 எஞ்சின். நீங்கள் பார்த்தது கார்புரேட்டர் வண்டி, எந்தக் கிராமத்துக் கடையிலும் கழற்றி மாட்டுவார்கள். அதில் நான் முதலில் கேட்பது டைமிங் செயின் சத்தம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இடது பக்கம் காதை வையுங்கள். சரசரவென்று உரசுகிற சத்தம் சூடானபிறகும் நிற்கவில்லை என்றால் செலவு இருக்கிறது. அதனால்தான் வண்டி பார்க்கப் போகும்போது சொல்லாமல் காலையிலேயே போகச் சொல்வேன். சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சுட்டால், உங்களுக்காக முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆக்சிலேட்டரை முறுக்கி விடும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. முன் ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஆயில் ஒட்டினால் சீல் போயிருக்கிறது, அது சின்னச் செலவு. மெயின் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன் செட் (ஹேண்டில் பேரிங்) மாற்ற வேண்டும். பின்னால் மோனோஷாக், அதாவது நடுவில் ஒரே ஷாக் அப்சார்பர். ஆள் உட்கார்ந்து எழுந்தால் ஒரு தடவை மேலே வந்து நிற்க வேண்டும், ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது. ஸ்ப்ளெண்டர் ஷாக்கை விட இதற்கு விலை அதிகம், அதனால் இதைக் கவனமாகப் பாருங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 1418 என்றால் 2018-ன் 14-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு தேயாமல் இருந்தாலும் ஏழு வருட டயரில் வேலூர் வெயிலில் நெடுஞ்சாலையில் போகாதீர்கள், ரப்பர் வெடித்துப்போயிருக்கும். சேசிஸ் நம்பர் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

ஐந்து மாதம் நின்ற வண்டி என்கிறீர்கள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கட்டியிருக்கும், பேட்டரி போயிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

ஆம்பூரிலிருந்து

ஒரே ஒரு விஷயம். விலை குறைவு என்று 2016-ல் சென்னைப் பதிவு வண்டி ஒன்றை எடுத்தேன். ஹெட்லைட்டுக்குள் சேறு காய்ந்த கோடு இருந்ததை அப்போது கவனிக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டி. ஒயரிங் மட்டும் மூன்று முறை மாற்றினேன். உங்கள் வண்டி உள்ளூரிலேயே ஒரே வீட்டில் நின்றது என்பது பெரிய பலம். கன்சல்டிங் ஸ்ப்ளெண்டர் எந்த ஊரில் ஓடியது என்று கேட்டீர்களா?

குடியாத்தத்திலிருந்து

அண்ணா, நீங்கள் கேட்டதை நான் செய்திருக்கிறேன். என் அப்பா தவறிய பிறகு அவருடைய ஸ்ப்ளெண்டரை என் பேருக்கு மாற்றினேன்.

இதற்கு 31 என்று தனி ஃபாரம் இருக்கிறது. 29, 30 பிறகுதான். முதலில் இறப்புச் சான்று, அப்புறம் வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். வி.ஏ.ஓ. விசாரித்து, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து, தாசில்தாரிடம் போய் வந்தது. எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. அதில் அம்மா, நான், தம்பி, தங்கை நான்கு பேர். மற்ற மூவரும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் விஷயத்தில் கட்டாயம் கேளுங்கள்: அந்த மகனுக்கு அக்கா தங்கை இருக்கிறார்களா? அவர்களுக்கு விற்பது தெரியுமா? வண்டியில் கடன் இருந்ததா? ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் இருந்தால் அதை நீக்க 35 ஃபாரமும் கடன் பாக்கி இல்லை என்று பேங்க் தரும் என்.ஓ.சி.யும் வேண்டும்.

இன்னொன்று. ஓனர் இறந்தால் இன்சூரன்ஸ் மூன்று மாதம்தான் வாரிசுக்குத் தொடரும், அதற்குள் பாலிசி முடிந்தால் அந்தத் தேதிவரைதான். ஐந்து மாதம் என்றால் உங்கள் யூனிகார்னுக்கு இப்போது இன்சூரன்ஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால்கூட தெருவில் இறக்காமல் வீட்டு வளாகத்துக்குள் மட்டும்.

வண்டி பற்றி: நான் பள்ளிகொண்டா வழியாக வேலூருக்குத் தினம் அப்பாவின் ஸ்ப்ளெண்டரில்தான் போனேன். ஊருக்குள் அதைப் போல வண்டி இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி பக்கத்தில் கடந்து போகும்போது காற்று வண்டியை முதலில் உள்ளே இழுக்கும், அப்புறம் வெளியே தள்ளும். 60-க்கு மேல் போனால் கை மரத்துப்போகும். ஒரு வருடத்தில் முதுகு வலி வந்து, இப்போது பஸ்ஸில் போகிறேன். நீங்கள் நெடுஞ்சாலையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கனமான வண்டியே எடுங்கள். அப்பா வண்டி இப்போது மார்க்கெட்டுக்கு மட்டும்.

மறுபடி ஆற்காட்டிலிருந்து, மூன்று மாதம் கழித்து

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

குடியாத்தம் தங்கை எழுதியதைப் படித்த மறுநாளே புரோக்கரை விட்டுவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன். மகன் ஓசூர் கிளம்பியிருந்தார், அம்மா மட்டும் இருந்தார். அக்கா தங்கை பற்றிக் கேட்டேன். ஒரு மகள் இருக்கிறார், வாலாஜாவில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை விற்கப்போவது அவருக்குத் தெரியாது. அம்மா என் முன்னாலேயே போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "யாருக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மா போனை என்னிடம் கொடுத்தார். நான் வேலை செய்யும் இடம், போகும் வழி எல்லாம் சொன்னேன். "சரிங்கண்ணா, நான் வந்து எழுதித் தர்றேன்" என்றார்.

அந்த வீட்டில் வாரிசுச் சான்றுக்கு எப்படியும் விண்ணப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. குடும்ப பென்ஷன் வேலை பாக்கி இருந்தது, அதோடு வண்டியும் சேர்ந்துகொண்டது. 5,000 முன்பணம் கொடுத்து, பேர் மாற்றம் முடியவில்லை என்றால் திருப்பித் தருவதாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. அம்மாவே, "எழுதிக்கோ பா, அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

ஸ்ப்ளெண்டரை விட்டுவிட்டேன். கேட்டபோது அது மூன்றாவது ஓனர் என்று தெரிந்தது, முதல் நாள் இரண்டு என்றார்கள்.

சான்று வர ஏழு வாரம். ராணிப்பேட்டை ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் அம்மா பேருக்கு, பிறகு அவரிடமிருந்து என் பேருக்கு. அந்த இரண்டு மாதமும் பஸ்தான். மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை பேச்சு வாங்கினேன். 50,000-க்கு முடிந்தது, 2,000 குறைத்தது நான் கேட்காமலே அந்த மகன் செய்தது.

காட்பாடி அண்ணா, வண்டியை உங்கள் கடைக்கே கொண்டுவர நினைத்தேன், தூரம் என்று இங்கேயே காட்டினேன். கோன் செட், பேட்டரி, இரண்டு டயர், கார்புரேட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 7,800 ஆனது. நீங்கள் சொன்ன மாதிரி டயரில் 2018 எண்தான் இருந்தது, பட்டன் பாதி இருந்தும் மாற்றிவிட்டேன். டைமிங் செயின் ஆறியிருக்கும்போது கொஞ்சம் சத்தம் தருகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

இந்த வாரம் காலை ஷிப்ட். 5.10-க்குக் கிளம்பி 55-லேயே ஓட்டினால் ரத்தினகிரி கோயில் விளக்கு தெரியும்போது 5.25, கூடத்துக்குள் 5.50. லாரி கடக்கும்போது காற்று தெரிகிறது, ஆனால் வண்டி கோட்டை விட்டு நகரவில்லை. பெட்ரோல் கணக்கை அதே பால் நோட்டில் தொடர்ந்து எழுதுகிறேன். நோட்டை வண்டியோடேயே கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் 49.