அஸ்ட்ரோ பாய் பாணியில் 60 விநாடிப் படம்: எத்தனை ஓவியம் போதும்?

தோபாயோ_தூரிகை:
வணக்கம். ஜூன் விடுமுறையில் சமூக மன்றத்தில் உயர்நிலை 1, 2 பிள்ளைகளுக்கு அனிமேஷன் பயிலரங்கு. கதை சின்னது: புளோக் மின்தூக்கியில் ஒரு குட்டி ரோபோவும் ஒரு பாட்டியும் பேசிக்கொள்கிறார்கள். 60 விநாடி, கறுப்பு வெள்ளை, தமிழ் வசனம். விநாடிக்கு 24 ஃபிரேம் (அசையாத தனிப்படம்) என்றால் 1,440 ஓவியம் வருகிறது. ஆறு பிள்ளைகளால் முடியாது. 1963இல் 'அஸ்ட்ரோ பாய்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை எடுத்தவர்கள் வாராவாரம் எப்படிச் சமாளித்தார்கள்? ஜப்பானின் முதல் டிவி அனிமேஷன் அதுதானே?

மூன்றுக்கு_ஒன்று:
1,440 வேண்டவே வேண்டாம். ஒரு ஓவியத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு எட்டு, ஆக 480. அதுவே அதிகம். அந்தத் தொடரை எடுத்த, தெசுகா ஒசாமுவின் ஸ்டூடியோவான முஷி புரொடக்‌ஷன் அரை மணி நேரப் பகுதியையே ஏறக்குறைய 2,000 ஓவியங்களுக்குள் முடித்தது. முகம் அசையாது, வாய் மட்டும் அசையும். அசையாத படத்தின் மேல் கேமரா நகரும். ஒருமுறை வரைந்ததைப் 'பேங்க்'கில் சேர்த்துவைத்து மறுபடி எடுப்பார்கள்.

உங்கள் கதைக்கு மின்தூக்கி ஒரு வரம். கதவு திறக்க ஆறு ஓவியம். மூடுவதற்கு அதையே தலைகீழாக ஓட்டுங்கள். ரோபோ நடைக்கு எட்டு (மூன்று ஃபிரேம் வீதம் சரியாக ஒரு விநாடி, இரண்டு அடி நடை). முகம் நான்கு, ஆளுக்கு மூன்று வாய், ஆளுக்கு இரண்டு கண் சிமிட்டல், பின்னணி ஐந்து. மிச்சப்படுத்தியதை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டுங்கள்: ரோபோ பறக்கும் மூன்று விநாடிக்கு 24 ஓவியம். மொத்தம் 57. எல்லாக் காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் அசைத்தால் படம் முழுக்கச் சோர்ந்துதான் தெரியும்.

செல்_அடுக்கு:
மேலே சொன்னது சரி, ஆனால் சொதப்பும் இடங்கள் வேறு.

பின்னணி நகரும்போது அதை மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்த்தாதீர்கள், படம் வெட்டி வெட்டித் துடிக்கும். ஆள் எப்படி அசைந்தாலும் பின்னணி ஒவ்வொரு ஃபிரேமும் நகர வேண்டும். அப்படிச் செய்தால் பாதம் தரையில் வழுக்கும். அதனால் நடையை இடுப்புக்கு மேல் மட்டும் காட்டுங்கள்.

பேங்க் ஓவியத்தைப் பெரிதாக்கினால் கோடும் தடிக்கும். கிட்ட ஒன்று, தூரத்தில் ஒன்று எனத் தனித்தனியாக வரைந்துவிடுங்கள். இடம் வலம் புரட்டப்போகிறீர்கள் என்றால் ரோபோவின் சட்டையில் எழுத்தோ ஒருபக்கப் பையோ கூடாது.

கிருட்டா (வரையும் மென்பொருள்) என்றால், அதில் வேலையைத் தொடங்கும் முன்பே 24 என்று அமையுங்கள். பாதியில் 30க்கு மாற்றினால் மூன்று ஃபிரேம் கணக்கு உடைந்து வசனம் விலகும்.

பழைய_ஒளிவரிசை:
முதல் அனிமேஷன் அது அல்ல. 1960இலேயே ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 'மூன்று கதைகள்' என்று ஒன்றை ஒளிபரப்பியது. வாரம் ஒன்றாக அரை மணி நேரத் தொடர் என்பதில்தான் அஸ்ட்ரோ பாய் முதல். 1963 ஜனவரி 1 முதல் 1966 டிசம்பர் 31 வரை ஃபுஜி டிவியில் 193 பகுதிகள். (சிங்கப்பூரில் டிவி வந்ததே 1963 பிப்ரவரி 15இல்.)

தாக்கம் ஓவியச் சிக்கனத்தோடு நிற்கவில்லை. தெசுகா தொடரைச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். பொம்மை, ஸ்டிக்கர் உரிமை, அமெரிக்க விற்பனை ஆகியவற்றால் பள்ளத்தை நிரப்பப் பார்த்தார். ஸ்பான்சரான மெய்ஜியின் சாக்லேட்டோடு வந்த ஸ்டிக்கருக்குப் பிள்ளைகளிடம் அப்படி ஒரு கிராக்கி. அந்த விலையே பிறகு மற்றவர்களுக்கும் அளவுகோலாகிவிட்டது என்று அனிமேஷன் இயக்குநர் மியாசாகி 1989இல் கடுமையாகவே சாடினார். முஷி 1973இல் திவாலானது. ஆனால் அங்கே பழகிய டொமினோ, ரின்டாரோ, டெசாக்கி மூவரும்தான் அடுத்த தலைமுறைத் தொடர்களை இயக்கினார்கள். பிற்கால ரோபோ தொடர்களில் ரோபோக்கள் ஒன்றிணையும் காட்சி வாராவாரம் அப்படியே திரும்ப வருவதும் அதே பேங்க் முறைதான்.

தோபாயோ_தூரிகை:
மிக்க நன்றி. வசனத்தை முதலில் பதியலாமா, கடைசியிலா?

மூன்றுக்கு_ஒன்று:
அவர்கள் படத்தை முடித்துவிட்டுத்தான் குரல் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்கு அது கஷ்டம். முதலில் கைப்பேசியில் ஒரு மாதிரிப் பதிவு எடுத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மூடிய வாய், பாதி, முழுத் திறப்பு மூன்றையும் மூன்று ஃபிரேம் வீதம் மாற்றிப் போட்டால் போதும், எழுத்துக்கு எழுத்து பொருத்த வேண்டாம். 'ம்', 'ப்' வரும் இடத்திலும் வசனம் முடியும் இடத்திலும் மட்டும் வாய் மூடியிருக்கட்டும்.