மறு: ராயல் அசென்ட் – ஒப்புதலா, ஒப்பமா?

> 'அரச ஒப்புதல்' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

ராயல் அசென்ட் என்பது நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா சட்டமாவதற்கு அரசர் தரும் சம்மதம்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'அரச ஒப்புதல்' என்றால் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஒப்புதல் என்றதுமே பிடிக்காவிட்டால் மறுக்கலாம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா ஒன்று கடைசியாக மறுக்கப்பட்டது 1708-ல், ராணி ஆன் காலத்தில், ஸ்காட்லாந்துக் குடிப்படை மசோதா, அதுவும் அமைச்சர்கள் சொன்னதால். முந்நூறு வருஷமாகப் பயன்படாத உரிமையை ஒப்புதல் என்று எழுதினால், அரசர் கோப்பைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார் என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள்.

பிரிட்டனின் சடங்குமொழி வேறு மாதிரி என்பது உண்மைதான். பிரபுக்கள் அவையில் இன்றும் பழைய நார்மன் பிரெஞ்சில் 'அரசர் இதை விரும்புகிறார்' என்று அறிவிக்கிறார்கள். மறுப்பதற்கான வாசகம் 'அரசர் யோசிப்பார்'. நாம் 'பார்க்கலாம்' என்று தட்டிக்கழிக்கிறோமே, அதேதான்!

ஆனால் நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். லக்சம்பர்க்கைப் பாருங்கள். அங்கே அரசியலமைப்பில் கோமகன் (அந்நாட்டு மன்னரின் பட்டம்) சட்டங்களுக்கு 'இசைவளித்து வெளியிடுவார்' என்று இரண்டு வினைகள் இருந்தன. 2008-ல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு இசைவளிக்க மனசாட்சி இடம் தரவில்லை என்று கோமகன் ஹென்றி சொன்னதும், அரசியலமைப்பைத் திருத்தி முதல் வினையை எடுத்துவிட்டார்கள், வெளியிடுவது மட்டும் மிஞ்சியது. ஒரே ஒரு சொல்லை நீக்கி ஓர் அதிகாரத்தையே பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் 'ஒப்புதல்' என்றே போட்டால் இந்தச் செய்தியைத் தமிழில் எழுதவே முடியாது. பெல்ஜியத்தில் 1990-ல் கருக்கலைப்புச் சட்டத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார் மன்னர் போதுவான். அவர் 'ஆள இயலாத நிலையில்' இருப்பதாக அறிவித்து, அமைச்சர்களே கையெழுத்துப் போட்டு, மறுநாளே நாடாளுமன்றம் அவரைத் திரும்ப அமர்த்தியது. அங்கே நின்றுபோனது ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அதனால் என் பரிந்துரை: மனம் சம்பந்தப்பட்ட செயலுக்கு 'அரச இசைவு', வெறும் கையெழுத்துக்கு 'அரச ஒப்பம்'. கையொப்பத்தில் உள்ள ஒப்பம்தான், புதிதாக எதையும் உருவாக்கவில்லை. ஒப்பம், ஒப்புதல் இரண்டும் ஒரே வேர், குழம்பாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குழம்பும், சரி. அதனால்தான் ஒப்புதலை இந்த இடத்திலிருந்து அடியோடு விலக்கச் சொல்கிறேன். ஸ்வீடனுக்கு இரண்டுமே தேவையில்லை, 1975 முதல் அங்கே மன்னர் சட்டங்களில் கையெழுத்திடுவதே இல்லை.

வெளியிடுவதற்கு 'முரசறைவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அரசிதழில் அச்சாகும் அறிவிப்புக்கு முரசு கொஞ்சம் அதிகம், 'சட்ட வெளியீடு' போதும். அப்புறம், 'முடியாட்சி'யை 'முடியா ஆட்சி' என்றும் பிரிக்கலாமே என்று கிண்டல் செய்தவருக்கு: ரசித்தேன், ஆனாலும் அதை மாற்ற வேண்டாம், எல்லோர் வாயிலும் பழகிவிட்டது.