குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்: மாத்திரை அவளுக்கு மட்டும்தானா?

திருப்பூர்க்காரன்:
கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இனி குழந்தை என்று முடிவெடுத்து டாக்டரம்மாவைப் பார்த்தோம். மனைவிக்கு ஹீமோகுளோபின் 9.8. இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் எழுதினார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். ராத்திரிக்கு நாலு டீ, ஏழெட்டு சிகரெட், விடிந்ததும் பரோட்டா. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை. இதெல்லாம் பிள்ளையைத் தொடுமா? அம்மாவோ, "உண்டாகட்டும், அப்புறம் மாதுளை வாங்கித் தரலாம்" என்கிறார். மனைவி சைவம், பாலைக் கண்டாலே ஓடுவாள்.

மருந்துக்கடை அக்கா:
தம்பி, அம்மா சொல்கிற அந்த 'அப்புறம்' ரொம்ப லேட். மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போச்சே என்று யோசிக்கும்போதே பாதி நாள் போயிருக்கும். அதனால்தான் ஒரு மாதமாவது முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். கடையில் 5 மில்லிகிராம் அட்டையும் உண்டு, அது பன்னிரண்டரை மடங்கு. சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்க விடாதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது.

புனேவாசி:
பால், முட்டை, மீன் எதுவும் இல்லையென்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்தே ஆகணும். இங்கே டாக்டர் யாஜ்னிக் குழு 1993இலிருந்து பக்கத்துக் கிராமத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் கவனித்து வருகிறது. கர்ப்பத்தில் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் இந்தச் சத்துதான்) அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு 6 வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, கூடுதலாக இருந்தது. பிறக்கும்போது ஒல்லி, ஆனால் உடம்பில் கொழுப்பு. உங்கள் வீட்டுச் சர்க்கரைக் கதைக்கு இது ரொம்பப் பக்கம்.

முன்னாள் புகையன்:
உங்கள் பங்கும் இருக்கிறது, நண்பரே. அப்பாவின் சாப்பாடு பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் எலிகளில் நடந்ததுதான், பரோட்டாவுக்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். சிகரெட் அப்படியில்லை, விந்தணுவின் டிஎன்ஏவையே சேதப்படுத்தும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம். இன்றைக்கு நிறுத்தினால், அத்தனை நாள் கழித்து வருவது புகை படாத விந்தணு. நான் டீயைப் பாதியாக்கிய பிறகுதான் சிகரெட்டும் விட்டது, இரண்டும் ஜோடி.

திருப்பூர்க்காரன்:
நன்றி அக்கா, நண்பர்களே. அட்டையைப் பார்த்தேன், 5 மில்லிகிராம்தான். நாளைக்கே டாக்டரிடம் கேட்டு, பி12உம் பார்க்கச் சொல்கிறேன். நேற்று ராத்திரி மூன்று சிகரெட்தான். பால் வேண்டாமாம், மோர் என்றால் குடிப்பாளாம்.