கடலோரக் கிராமத்தில் குடியேறினோம்: முதலில் கிணற்றைப் பற்றி

டவுனிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலை ஒட்டிய ஊரில் குடியேறப் போகிறவர்கள் வீட்டைப் பற்றியும் இணைய வசதியைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது கிணறு.

நாங்கள் போன புதிதில் இருந்த கிணற்றில் தண்ணீர் குறைவாகத் தெரிந்தது. ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று ஆளை வரச்சொல்லிப் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் கிளம்பியதும் எங்களிடம் வந்தார். "தம்பி, ஆழமாப் போகாதீங்க. கீழே போனா உப்புதான். உங்களுக்கு மட்டும் இல்ல, எங்க கிணத்துக்கும் வந்துடும்" என்றார். கோபமே இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கிற குரலும் இல்லை.

அதன் காரணத்தை அப்புறம் தேடிப் படித்தேன். மணற்பாங்கான கரையில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்தபடி தங்குகிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். 1888-இல் கைபன் என்ற டச்சுப் பொறியாளரும் 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் பொறியாளரும் தனித்தனியாக எழுதிவைத்த கணக்கு இது. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வருகிறது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் நாளாவட்டத்தில் 40 மீட்டர் மேலே வரப் பார்க்கும். அந்த நல்ல தண்ணீருக்கு நடுவில் வேலி எதுவும் கிடையாது. ஒரு வீட்டு மோட்டார் அடுத்த வீட்டுத் தண்ணீரைக் கெடுக்கலாம். ஒருமுறை உப்பேறினால் தெளிய எத்தனையோ மழைக்காலம் ஆகும்.

ஆழ்துளையைக் கைவிட்டோம். சின்ன மோட்டார், விட்டுவிட்டு இறைப்பது, கூரையில் விழும் மழைநீருக்குத் தனியாக ஒரு தொட்டி. இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

அந்த ஊரில் என் காரியம், உன் காரியம் என்று எதையும் தனியாகப் பிரிக்க முடியாது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. வாசலைத் தாண்டினாலே "எங்க கிளம்பிட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். என் மனைவிக்கு அது முதலில் பெரிய தொந்தரவாக இருந்தது. ஆனால் டவுனுக்குப் போகிற வண்டி எது என்று தெரிந்தால்தானே ஒருவர் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட முடியும், இன்னொருவர் ஏறிக்கொள்ள முடியும்? இப்போது அவளே கேட்கிறாள்.

நேரமும் கடலுடையதுதான். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வயரிங் வேலைக்கு வருபவர் படகும் ஓட்டுகிறவர். "தண்ணி ஏறி படகைக் கட்டிட்டு வரேன் அண்ணே" என்றால், நேற்று வந்த மணிக்கு இன்று அவரை எதிர்பார்க்கக் கூடாது. சொன்னபடி வந்துவிடுவார், அதில் குறையே இல்லை.

துருவைப் பற்றி ஒன்று மட்டும். வெளியில் மாட்டும் கொக்கி, கீல், திருகு எல்லாவற்றிலும் 316 வகை எவர்சில்வர் கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் வழக்கமான 304-ஐவிட உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் மழை முடிந்த கையோடு போகாதீர்கள், அப்போது எல்லாக் கிணறும் இனிக்கும். கோடை முடிகிற நேரத்தில் போய் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அப்படியே அக்கம்பக்கத்தில் கிணறு எவ்வளவு ஆழம், ராத்திரியில் அவசரம் என்றால் யார் வீட்டில் வண்டி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.